கரண்டு போன நேரத்து நாவல்

மற்ற மாவு மில்களில் முதலில் கேட்பது “எத்தனை படி?” என்றுதான். காரிமங்கலத்தில் நாங்கள் அக்கா என்று கூப்பிட்டவர் நடத்திய மில்லில் முதல் கேள்வியே வேறு. தகர டின்னை வாங்கி, மூடியைத் திறந்து, ராகியை ஒரு கை அள்ளிப் பார்ப்பார். பிறகு கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்த்துக் கேட்பார்:

“எது மாதிரி?”

புதிதாக வந்தவர்கள் விழிப்பார்கள். “எது மாதிரின்னா? மாவு மாதிரிதாங்க.”

“மாவுல ஆயிரம் இருக்குதுங்க. களிக்கா, கூழுக்கா, பல்லு மொளைக்காத குழந்தைக்கா? சொன்னாத்தான் நான் கல்லைத் திருகி வெக்க முடியும்.”

ஒரு சந்தை நாளில் ஆடு விற்க வந்தவர் ஒருவர், காத்திருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “எங்க வூட்டுக்காரி திட்டாத மாதிரி அரைச்சுக் குடுங்க.”

“எதுக்குங்க திட்டுவாங்க? கப்பி கப்பியா இருந்தாவா, ரொம்ப நைசா இருந்தாவா?”

“ரெண்டுக்குந்தான்.”

“அப்ப வர்றபடி வரட்டும். எப்படியும் திட்டுத்தான்னா என் கல்லு எதுக்குத் தேயணும்?”

மில்லில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவிப் பலகைமேல் கிடந்த தாளில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். ஆட்டுக்காரர் சொன்ன அந்த வார்த்தை அவருடைய நாவலில் யாராவது ஒருவர் வாயில் வந்துவிடும் என்று எங்களுக்குத் தெரியும்.

ஆமாம், அவர் நாவல் எழுதினார். ராகி மாவு படிந்து புருவம் எப்போதும் சாம்பல் நிறமாக இருக்கும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொட்டியில் தானியத்தைக் கொட்டிவிட்டு, அது இறங்கி முடிகிற வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுவார். அவர் வீட்டுக்காரர் புளி வியாபாரத்துக்காக ஊர் ஊராகப் போகிறவர். மில் முழுக்க அக்காவின் பொறுப்பு.

மோட்டார் பதித்திருந்த அதே சிமெண்டுத் தரையில்தான் அந்த ஸ்டூலும் இருந்தது. மோட்டார் ஓடும்போது எழுதிய வரிகளில் எழுத்தெல்லாம் மார்கழிக் குளிரில் நிற்கிற மாதிரி நடுங்கும். கரண்டு போன பிறகு எழுதியவை நிமிர்ந்து நிற்கும். ஒரு தாளைக் கையில் எடுத்தால், எந்த இடத்தில் கரண்டு போயிற்று, எந்த இடத்தில் திரும்பி வந்தது என்று சொல்லிவிடலாம்.

அந்த நடுக்கத்தால்தான் நான் அவருக்குத் தேவைப்பட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கையெழுத்துக் கேட்டால் கட்டைவிரலை நீட்டுகிறவர்கள். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அக்கா பார்த்தால் விடமாட்டார். “முத்தை எங்கம்மா பாத்த?” என்பார். ஆகவே இப்படிச் சொல்கிறேன்: பிரேயருக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி இருக்கும், ஒரு தலைகூட வரிசையை விட்டு வெளியே வராது. ஒன்பதாம் வகுப்பிலேயே வாத்தியார்கள் என் நோட்டை வாங்கி மற்ற வகுப்புகளுக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் அக்கா தன் நாவலை நல்லபடியாகப் படி எடுத்துத் தரச் சொன்னார். அதற்குப் பதிலாக எங்கள் வீட்டு ராகிக்கு வரிசை கிடையாது. எப்போது போனாலும் எங்கள் டின்தான் முதலில். அம்மா அந்த டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மில்லுக்குள் நுழைகிற தோரணையைப் பார்க்க வேண்டும். தாசில்தார் ஜீப்பை விட்டு இறங்குகிற மாதிரி இருக்கும்.

“எது மாதிரி?” என்ற கேள்வி மாவோடு நிற்கவில்லை. எனக்கு ஒருமுறை பல்வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனேன்.

“எது மாதிரி வலிக்குது கண்ணு?”

“வலிக்குதுக்கா. அவ்வளவுதான்.”

“குத்தற மாதிரியா, இழுக்கற மாதிரியா, யாரோ கதவைத் தட்டற மாதிரியா?”

நான் யோசித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் உரலில் இடிக்கும்போது நம் வீட்டுச் சுவர் அதிருமே, அது மாதிரி என்றேன். அக்காவின் முகம் மலர்ந்துபோயிற்று. வலிக்கிற பிள்ளையைப் பார்த்து இப்படியா மலர்வது என்று எனக்குக் கோபம் வந்தது. அவர் உடனே கிராம்பு தேடிக் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மின்சார வாரிய லைன்மேனையும் அவர் விட்டதில்லை. கம்பத்திலிருந்து இறங்கி வருகிறவரை வாசலிலேயே மடக்குவார். “கரண்டு எப்பங்க வரும்?”

“சொல்ல முடியாதுங்கம்மா.”

“எது மாதிரி சொல்ல முடியாது? பொண்ணு பாத்துட்டுப் போனவங்க சொல்ற மாதிரியா, ஆஸ்பத்திரியில சொல்ற மாதிரியா?”

லைன்மேன் கொஞ்சம் யோசித்தார். “பொண்ணு பாத்துட்டுப் போனவங்க மாதிரிதாங்க.”

“அப்ப வந்துரும்,” என்று அக்கா எங்களிடம் திரும்பிச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டது.

அந்த நாட்களில் கரண்டு போகாத நாள் அரிது. போனால் மற்ற மில்களில் முணுமுணுப்புத்தான். இங்கே அப்படியில்லை. பெல்ட் சுற்றி ஓய்ந்து சத்தம் அடங்கியதும், பெண்கள் கவிழ்த்த டின்களின்மேலும் சாக்குகளின்மேலும் வசதியாக உட்கார்வார்கள். அக்கா தாள்களை எடுப்பார். கரண்டு வரும்வரை நாவல்தான். உட்கார்ந்திருப்பவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் பெரும்பாலும் நான் ஒருத்திதான்.

அக்கா படிப்பது கதை சொல்லி மகிழ்விப்பதற்காக அல்ல. தான் எழுதிய உவமைகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்ப்பதற்காக. ‘அவள் முகம் முழு நிலவு போல் இருந்தது’ என்று ஒருநாள் படித்தார். சந்தையில் பூ விற்கிற ஒரு அம்மா தினமும் அங்கே வந்து உட்கார்ந்து பூக்கட்டுவார். நாக்கு ரொம்பக் கூர்மை.

“நிலாவுல அங்கங்க கருப்பா இருக்குமே,” என்றார் பூக்காரம்மா. “அம்மை போட்ட பொண்ணா?”

“இல்லீங்க. பிரகாசமா இருக்கான்னு…”

“பிரகாசம்னா பல்பு மாதிரின்னு சொல்லிட்டுப் போ.” தலைக்குமேல் அணைந்து கிடந்த பல்பை நிமிர்ந்து பார்த்தார். “அதுவும் இப்ப இல்ல.”

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அக்காதான். சிரித்துக்கொண்டே நிலவை அடித்துவிட்டார். தான் எழுதியதில் ஒன்று செத்துப்போனால் அவருக்கு வருத்தமே வராது. கேட்கிறவர்களின் வாயைவிடக் கையைத்தான் அவர் நம்பினார். “வாயி பொய் சொல்லும் கண்ணு,” என்று என்னிடம் சொல்வார். “நல்லா இருக்குதும்மான்னு சொல்லிக்கிட்டே கை தலையில பேன் பாக்கும். கை நின்னாத்தான் கதை உள்ள போச்சு.” பூக்காரம்மாவின் நார் முடிச்சுப் போடாமல் நின்ற இடங்களில் எல்லாம் தாளின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்திருப்பார்.

இப்படி எல்லார் கையையும் நிறுத்தத் தெரிந்தவருக்கு ஒரே ஒருவரிடம் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

கர்நாடகப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு அம்மா வாரம் தவறாமல் ராகி கொண்டுவருவார். தமிழ் நன்றாகவே பேசத் தெரிந்தவர், ஆனால் பேசமாட்டார். சுவரோரமாக உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, படிப்பதையெல்லாம் கேட்பார். முகம் சாத்தின கதவு மாதிரி இருக்கும். ஆயிற்றா என்பதைக் கன்னடத்தில் “ஆயிதா?” என்று கேட்பார். நாங்கள் அவர் வாயிலிருந்து கேட்டது அந்த ஒரு வார்த்தைதான். மாவு ஆயிற்றா என்று அர்த்தம். ஆனால் அதைக் கேட்கிற நேரம் இருக்கிறதே! கதாநாயகியின் தகப்பனார் பாம்பு கடித்துச் சாகிறார். மில்லில் மூக்கு உறிஞ்சாத ஆள் இல்லை. பூக்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். அந்த நிசப்தத்தில் சுவரோரத்திலிருந்து, “ஆயிதா?”

எங்களுக்குச் சிரிப்பு தாங்காது. அக்காவுக்கு மட்டும் அன்றைக்குச் சோறு இறங்காது. அந்தம்மாவுக்கு நாங்கள் ஆயிதா அம்மா என்று பெயரே வைத்துவிட்டோம்.

“அவங்க ஒருத்தர் அழுவலைன்னா என்னக்கா? இத்தனை பேரு அழுவறாங்களே,” என்று ஒருநாள் கேட்டேன்.

“அழுவறவங்க எல்லாம் எனக்குத் தெரிஞ்சவங்க. எனக்காகவும் கொஞ்சம் அழுவாங்க. அந்தம்மாவுக்கு நான் மாவு அரைக்கறவ, அவ்வளவுதான். பத்திரிகையில படிக்கறவங்க எல்லாம் அந்தம்மா மாதிரிதான இருப்பாங்க?”

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன் அவர் அனுப்பிய இரண்டு நாவல்கள் திரும்பி வந்திருந்தன. இரண்டாவதோடு வந்த துண்டுச் சீட்டில், வருணனை நிறைய இருக்கிறது, மனத்தில் ஒட்டவில்லை என்று ஒரு வரி இருந்தது. அந்தச் சீட்டைப் பசை போட்டு மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவைத்தார். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மோட்டாருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தபோது, பேனாவையும் எழுதிக்கொண்டிருந்த மூன்றாவது நாவலையும் அதன் முன்னால் வைத்தார். பொரியும் சுண்டலும் வாங்க வந்திருந்த எங்கள் எல்லாருக்கும் எதிரே சொன்னார்:

“இந்தத் தடவையும் திரும்பி வந்துச்சுன்னா, நான் பேனாவைத் தொடமாட்டேன். மாவு அரைக்கறதோட சரி.”

“அட, என்னம்மா பேச்சு இது, நல்ல நாளும் அதுவுமா!” என்றார் அவர் வீட்டுக்காரர்.

“அது மட்டுமில்ல. அந்தம்மா மொகம் ஒரு தடவையாவது அசையாம நான் இதைத் தபால்ல போடவும் மாட்டேன்.”

பூக்காரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். “அப்ப நீ தபாலாபீசுப் பக்கமே போவப்போறதில்ல.”

ஒரு வாரப்பத்திரிகை நாவல் போட்டி அறிவித்திருந்தது. பொங்கலுக்கு முன்னால் அனுப்பியாக வேண்டும். நாங்கள் ஆளுக்கு ஆள் யோசனை சொன்னோம். ஆடு குட்டி போடுகிற மாதிரி, மழை பிடித்துக்கொள்கிற மாதிரி, களி கிளறுகிற மாதிரி என்று அக்கா என்னென்னவோ எழுதிக் கொண்டுவந்தார். ஒரு வரிக்கு மூன்று ‘மாதிரி’ இருக்கும். ஆயிதா அம்மா எல்லாவற்றையும் கைகட்டிக் கேட்டார். டின்னைத் தூக்கினார். போனார். மார்கழி பிறந்தது.

நாவலின் கதை இதுதான்: சித்தேரி மலையில் பிறந்த ஒரு பெண் கீழே ஒரு ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வருகிறாள். அவள் புருஷன் வீட்டில் முதல் காலை விடிகிற அத்தியாயம் மட்டும் பாக்கி. மற்றதையெல்லாம் நான் படி எடுத்துக் கட்டி வைத்துவிட்டேன்.

அன்று மதியம் கரண்டு போயிற்று. அக்கா எழுந்து படித்தார்.

‘அந்த அடுப்படியில் அவளைத் திட்ட யாரும் இல்லை. வா என்று சொல்லவும் யாரும் இல்லை. உப்பு எங்கே என்று கேட்டாள். மாமியார் எடுத்துக் கொடுத்தாள், எங்கே இருந்தது என்று மட்டும் சொல்லவில்லை. அவள் அடுப்படிக்கு நடுவில் நின்றாள்…’

அக்கா நிறுத்தினார். எனக்குத் தெரியும், அங்கே ‘காட்டில் வழி தவறிய மான் மாதிரி’ என்று இருந்தது. பென்சிலால் அடித்து வைத்திருந்தார். அதற்குப் பதிலாக எதுவும் எழுதவில்லை.

“எது மாதிரின்னு எனக்குத் தெரியலைங்க,” என்றார். அவர் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தலைக்குமேல் பல்பு எரிந்தது. வெளியே மிளகாய் மூட்டையோடு நின்ற ஆள், “வந்திருச்சு, வந்திருச்சு!” என்று கத்தினார். அக்கா தாளை மடித்துவிட்டுச் சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

“இரு,” என்றது சுவரோரத்திலிருந்து ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினோம். ஆயிதா அம்மா கட்டியிருந்த கையை அவிழ்த்திருந்தார்.

“பஸ்ஸுல ஏறறோம்,” என்றார். “சீட்டெல்லாம் காலியாத்தான் இருக்குது. ஆனா அத்தனையிலயும் யாரோ துண்டு போட்டு வெச்சிருக்காங்க. யாரு துண்டுன்னு தெரியாது. உக்காராதன்னு யாரும் சொல்றதில்ல. நாம கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே வர்றோம் பாரு. அது மாதிரி.”

பூக்காரம்மாவின் கையில் நார் பாதி முடிச்சோடு நின்றது. அக்காவின் கை சுவிட்சுக்கு முன்னால் நின்றது. என் பேனாகூட நின்றது, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகாவிட்டாலும்.

முதலில் வாயைத் திறந்தவர் பூக்காரம்மாதான். “எங்க வூட்டுல அம்மி, ஆட்டுக்கல்லு, தண்ணிப்பானை, எல்லாத்துலயும் துண்டு. மாட்டுக்கொட்டாயில மட்டும் இல்ல. அங்க போயி தாராளமா இருன்னாங்க!”

அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் தங்கள் வீட்டுத் துண்டுகளைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள், ஒருத்தி சொல்லிக்கொண்டே அழுதாள், அழுதவளைப் பார்த்து இன்னொருத்தி சிரித்தாள். மிளகாய்க்காரர் வாசலில் குதித்தார். “கரண்டு வந்திருச்சும்மா! காதுல விழலையா?”

“வந்தா இருந்துட்டுப் போவுது!” என்று பூக்காரம்மா கத்தினார். “நீ உம் பொண்டாட்டிக்கு எத்தன துண்டு போட்டு வெச்ச? அத மொதல்ல சொல்லு!”

மிளகாய்க்காரர் தன் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா போய் ஆயிதா அம்மாவுக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார். “எவ்வளவு நாளுங்க நின்னீங்க?”

“பெரியவன் நடக்கற வரைக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னா? ஒரு நாளு துண்டை எடுத்துட்டு உக்காந்துட்டேன். யாரும் வந்து கேக்கல. அந்தத் துண்டுக்கு ஆளே இல்ல.”

“இத்தனை மாசமா ஏங்க ஒரு வார்த்தை பேசல?”

அந்தம்மாவுக்கு அந்தக் கேள்வியே ஆச்சரியமாக இருந்தது போலும். “நீயே எல்லாத்தையும் சொல்லி முடிச்சுடற. இது அது மாதிரி, அது இது மாதிரின்னு. எனக்கு என்னா வேலை அதுல?”

அக்கா கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். பிறகு மெதுவாக, “நீங்க சொன்னதை நான் எழுதிக்கட்டுங்களா?” என்று கேட்டார்.

“எழுதிக்கோ. நான் வெச்சு என்னா பண்றது?” என்றவர், எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு தன் டின்னைப் பார்த்தார். “ஆயிதா?”

“இன்னும் அரைக்கவே இல்லீங்களே!”

மில்லே அதிர்ந்தது. அந்தச் சிரிப்பில் ஆயிதா அம்மாவும் சேர்ந்துகொண்டார். அவருக்குப் பல்வரிசை அவ்வளவு அழகு என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

எனக்கு அந்தப் பஸ் பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மான் எவ்வளவு நன்றாக இருந்தது! பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் வருகிற மாதிரி இருந்தது. “துக்கமான எடத்துல பஸ்ஸும் துண்டுமா வந்தா இலக்கியமா இருக்குமாக்கா?” என்று வாதாடினேன்.

அக்கா பதில் சொல்வதற்குள் பூக்காரம்மா குறுக்கே வந்தார். “ஏம்மா படிக்கிற புள்ள, மானுக்கு வழி தெரியாதுன்னு உனக்கு யாரு சொன்னா? அது பொறந்த காடு. அதுக்குத் தெரியாதா?”

நான் பேனாவைத் திறந்து பஸ்ஸை எழுதினேன்.

அடுத்து நடந்ததுதான் பெரிய வேலை. ‘எனக்கு என்னா வேலை அதுல’ என்று ஆயிதா அம்மா கேட்டதைப் பிடித்துக்கொண்டு, அக்கா நாவல் முழுவதையும் மறுபடி எடுத்தார். மூன்று உவமை இருந்த இடத்தில் ஒன்றை வைத்தார். ஒன்று இருந்த இடத்தில் சிலசமயம் ஒன்றுமே வைக்கவில்லை. நான் அழகாகக் கட்டி வைத்திருந்த கட்டைப் பிரித்து, பாதிக்குமேல் மறுபடி எழுதினேன். நடுவிரலில் பேனா அழுத்தித் தழும்பே விழுந்துவிட்டது. இன்றும் இருக்கிறது. கேட்பவர்களுக்கு நானே காட்டுவேன்.

கட்டைத் தபாலில் போடப் போனபோது ஒரு ஊர்வலமே கூடப் போயிற்று. பூக்காரம்மா அதற்கு ஒரு முழம் கனகாம்பரம் சுற்றினார். தபால்காரர் அதை எடுக்கச் சொல்லிவிட்டார்.

மாசி கழிந்தது, பங்குனி வந்தது. கட்டு திரும்பி வரவில்லை. செய்தியும் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் அக்காவின் கை மாவுக்குள்ளேயே நின்றுவிடும். அவர் ஸ்டூல்மேல் யாரோ மிளகாய்க் கூடையை வைத்திருந்தார்கள். அவர் அதை எடுக்கவும் இல்லை.

ஒருநாள் மதியம் அவர் வீட்டுக்காரர் தர்மபுரி பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தார். வேட்டியை ஒரு கையில் பிடித்திருந்தார், இன்னொரு கையில் வாரப்பத்திரிகை. மோட்டார் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கல்லுக்குள் பாதி ராகி இருக்கும்போது நிறுத்திவிட்டால், மறுபடி கிளப்புவது பெரும்பாடு. அதனால் கரண்டு இருக்கும்போது ஓடுகிற மோட்டாரை நிறுத்தக் கூடாது என்பது அந்த மில்லின் சட்டம். அவர் வாயைத் திறந்து கத்தினார். எதுவும் கேட்கவில்லை. பத்திரிகையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். தன் நெஞ்சைத் தட்டினார். அக்காவைக் காட்டினார். கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடவே ஆரம்பித்துவிட்டார்.

அக்கா தொட்டியைவிட்டுக் கையை எடுக்காமல், அவர் ஆடுவதை உன்னிப்பாகப் பார்த்தார். அந்த ராகி முழுவதும் இறங்கி முடிந்து, மோட்டாரை அணைத்த பிறகுதான் கேட்டார். “எது மாதிரி சேதி?”

“முதல் பரிசு இல்ல!” என்றார் அவர், மூச்சு வாங்க. “ஆனா தொடர்கதையா போடறாங்களாம்! வாரா வாரம்!”

அக்கா சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த பழைய சீட்டைப் பார்த்தார். அதைக் கிழிப்பார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. மாவுக் கையால் அதை ஒருமுறை தடவிவிட்டு, ஸ்டூல்மேல் இருந்த மிளகாய்க் கூடையை இறக்கி வைத்தார்.

தொடர் வந்தபோது பஸ்ஸும், துண்டை எடுத்துவிட்டு உட்கார்வதும் அப்படியே அச்சில் வந்தன. பிறகு எனக்கு மில்லுக்குப் போகிற வேலை குறைந்தது. படித்தேன். ஆசிரியர் பயிற்சி முடித்தேன். எங்கள் வம்சத்தில் முதல் சர்க்கார் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. அந்த உத்தரவை அப்பா தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டினார். வேலை கிடைத்த இடம் சித்தேரி மலைமேல். அரூரிலிருந்து ஏறுகிற பஸ், வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கிக்கொண்டு போகும்.

முதல் நாள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு அறை. அதில் சில நாற்காலிகள். ஒன்றில் குடை, ஒன்றில் டிபன் கேரியர், ஒன்றில் வரைபடச் சுருள். இருந்தவர்கள் நல்லவர்கள். “வாங்க டீச்சர்,” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்கள். உட்காருங்கள் என்று சொல்ல மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். புதுப் புடவை, புதுக் கைப்பை, புதுச் செருப்பு. எத்தனையோ நாள் கனவு கண்ட அறைக்கு நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

சத்துணவு சமைக்கிற அம்மா ஒரு டம்ளர் டீயோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார்.

“ஏன் டீச்சர் நின்னுக்கிட்டே இருக்கீங்க? துண்டை எடுத்துட்டு உக்காருங்க.”

நான் சுற்றிலும் பார்த்தேன். அந்த அறையில் துண்டே இல்லை.

“எந்தத் துண்டுங்கம்மா?”

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். “அது சும்மா ஒரு பேச்சுங்க டீச்சர். எங்க பக்கம் வூட்டுக்குப் புதுசா வர்ற மருமவப் புள்ளைங்களுக்குச் சொல்லுவோம்.”

“உங்களுக்கு யாரு சொன்னாங்க?”

“யாரு சொன்னாங்கன்னா? எல்லாரும் சொல்றதுதான். எந் தங்கச்சி சொல்லுவா. அவ நாத்தனாகிட்ட கேட்டிருப்பா. எனக்கு என்னா தெரியும், நான் படிச்சவளா?”

நான் டிபன் கேரியரை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தேன். நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தேன்.

முதல் லீவுக்கு ஊருக்கு வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக மில்லுக்குத்தான் போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பூக்காரம்மா பூக்கட்டிக்கொண்டிருந்தார். ஆயிதா அம்மா தன் டின்னுக்காகச் சுவரோரம் நின்றார். அக்கா தொட்டியில் யாருடைய ராகியையோ கொட்டிவிட்டு நிமிர்ந்தார். நான் அவர் காதருகே போய், கத்திச் சொன்னேன். சித்தேரி மலையில், எழுதப் படிக்கத் தெரியாத, எங்கள் நாவலைக் கண்ணால் பார்த்தே இராத ஒரு அம்மா என்னிடம் என்ன சொன்னார் என்பதைச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். தொட்டியில் ராகி பாதிதான் இறங்கியிருந்தது. பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அக்கா கையை நீட்டி, ஓடுகிற மோட்டாரை நிறுத்தினார்.

பெல்ட் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. காத்திருந்தவர்கள் எல்லாரும் பல்பை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு எங்களைப் பார்த்தார்கள்.

“மறுபடி சொல்லு,” என்றார் அக்கா. “அந்தம்மா அதைச் சொல்றப்ப மொகம் எப்படி இருந்துச்சு? எது மாதிரி இருந்துச்சு?”

ஆயிதா அம்மா பக்கத்தில் கிடந்த காலி டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். பூக்காரம்மா நாரைக் கீழே வைத்தார். நான் கைப்பையை இறக்கி வைத்துவிட்டு, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.